முள் கடிவாளத்தைக் கழற்றியாச்சு, அடுத்து எதை மாட்டுவது?

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்குத் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். போன ஆடியில் அந்தியூர் சந்தையில் ஏழு வயதுப் பெண் குதிரை ஒன்று வாங்கினேன், மார்வாரி கலப்பு. அதற்கு முன் எல்கைப் பந்தயத்தில் வண்டி இழுத்தது என்று சொன்னார்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள்தான் ஓட்டுகிறாள். மூன்று டிரம்மைச் சுற்றிக் குதிரை விடும் அமெரிக்க பேரல் ரேஸைப் போனில் பார்த்துவிட்டு, சம்பா அறுத்த வயலில் நீல டிரம் மூன்றை வைத்துப் பழகுகிறாள். குதிரையோடு வந்தது முள் வைத்த கடிவாளம். டிரம் பக்கத்தில் வாரை இழுத்தால் தலையைத் தூக்கி வாயைப் பிளக்கிறது, நிற்காமல் இன்னும் வேகமாகப் போகிறது. போன வாரம் வாயோரம் ரத்தம் வந்ததும் கழற்றிவிட்டோம். வாயில் இரும்பே இல்லாத கடிவாளம் வாங்கலாம் என்கிறாள் மகள். ஆன்லைனில் சைட்புல், க்ராஸ்-அண்டர், போசல், மெக்கானிக்கல் ஹேக்கமோர் என்று நாலைந்து வகை காட்டுகிறது. பேரல் ரேஸ்காரர்கள் நிறையப் பேர் நீளக் கம்பி வைத்த ஹேக்கமோர் போடுகிறார்கள், அதையே வாங்கிவிடவா?

பதில்: நீளக் கம்பி ஹேக்கமோர் வேண்டாம். மூக்குப்பட்டையின் இரண்டு பக்க வளையத்தில் வாரைக் கோத்த சைட்புல் ஒன்று வாங்குங்கள், அல்லது உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளுங்கள், அளவு எடுப்பது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் வாங்கி வந்த மறுநாளே டிரம்மைச் சுற்றக் கிளம்பினால் குதிரை பழையபடிதான் ஓடும். அது ஏன் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளாமல் தலையில் எதை மாட்டினாலும் காசுதான் வீண்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ரத்தம் வந்தது கூட இல்லை. இழுத்தால் இன்னும் வேகமாகப் போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எல்கைப் பந்தயம் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. வண்டியில் இருப்பவர் பெரும்பாலும் வாரை இறுக்கிப் பிடித்தபடிதான் விரட்டுவார், வார் இறுகும் அதே நேரத்தில்தான் குரலும் வரும், சாட்டையும் வரும், பக்கத்தில் பைக்கில் வருகிறவர்களின் சத்தமும் வரும். அப்படிச் சில வருஷம் ஓடிய குதிரைக்கு, தலையில் இறுக்கம் வந்தால் ஓட வேண்டும் என்று பதிந்துபோயிருக்கும். உங்கள் மகள் நிறுத்துவதற்காக இழுக்கிறாள், குதிரை அதை ஓடு என்று எடுத்துக்கொள்கிறது. ரெண்டு பேர் மேலும் தப்பில்லை. இதோடு முள் குத்தும் வலியும் சேர்கிறது. வலித்தால் மாடு சில நேரம் நின்று எதிர்க்கும், குதிரையோ ஓடித் தப்பிக்கப் பார்க்கும். ஆக, இழுப்பதைப் பெரிதாக்கித் தரும் எந்தச் சாமானும் இந்தக் குதிரைக்குப் பிரேக் ஆகாது, ஆக்ஸிலேட்டர்தான் ஆகும்.

அதனால் எது பலமாகப் பிடிக்கும் என்று பார்த்து வாங்காதீர்கள். கையைத் தளர்த்திய நொடியில் எது முழுசாக விடுபடும் என்று பாருங்கள். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் போகும் அந்தக் கணத்தில்தான். நின்றதும் மூக்கில் இருந்த பாரம் சட்டென்று போனால் நின்றது சரி என்று அதற்குப் புரியும், கால் வினாடி தாமதமாகப் போனால் அதற்குள் அது வேறு ஏதாவது செய்திருக்கும், அதற்குத்தான் பரிசு கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வாயை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை, குதிரையை ஏற்றிப் போக முடியாவிட்டால் பக்கத்து மருத்துவரையாவது கூப்பிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு இடைவெளி உண்டு, இரும்பு உட்காரும் இடம் அது. அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறுதான் இருக்கிறது, முள் கடிவாளம் கிழிப்பது அந்த ஈறையும் நாக்கையும். ஈறு கிழிந்து புண் எலும்பு வரை போயிருந்தால் வெளியே ரத்தம் நின்ற பிறகும் உள்ளே வலி இருக்கும். பெண் குதிரை என்பதால் கோரைப்பல் பெரும்பாலும் இருக்காது, ஆனால் கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே டெட்டனஸ் ஊசியையும் கேட்டுவிடுங்கள். குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம், வாயில் திறந்த புண்ணோடு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாயில் இரும்பே போடப்போவதில்லையே, பல்லை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம். அதனால் மென்று மென்று மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்க ஓரம் தேயாமல் கத்தி மாதிரி கூராகிவிடும். மூக்குப்பட்டை இறுகும்போது கன்னத்தின் உட்தோலை அந்தக் கூர் மேலேயே அழுத்தும். வாயில் இரும்பு இல்லாத கடிவாளத்தைப் போட்டும் குதிரை தலையை உதறுகிறது, இதெல்லாம் சும்மா ஃபேஷன் என்று சொல்லிவிட்டுப் பழைய கடிவாளத்துக்குத் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களில் எத்தனை பேர் பல்லை அரம் போட்டு ராவியிருக்கிறார்கள் என்று தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை ராவினால் போதும்.

அந்த முள் கடிவாளத்தை யாருக்கும் விற்காதீர்கள், இன்னொரு வாய்க்குத்தான் போகும். வண்டி, சுமை விலங்குகளை வதைப்பதைத் தடுக்க 1965-ல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளம் கூடாது என்று இருக்கிறது. ஆனாலும் சந்தைக்குச் சந்தை அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட ஹேக்கமோருக்கு வருகிறேன். மூக்கின் மேல் ஒரு பட்டை, தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி, இரண்டு பக்கமும் கீழே தொங்கும் கம்பி, அந்தக் கம்பியின் நுனியில் வார். இழுத்தால் கம்பி பின்னால் சாய்ந்து மூக்கையும் தாடையையும் இடுக்கி போலப் பிடிக்கும், காதுக்குப் பின்னால் பிடரியும் அழுந்தும். நெம்புகோல் கணக்குத்தான். மூக்குப்பட்டை சேரும் இடத்துக்கு மேலே 2 அங்குலம், கீழே 6 அங்குலம் என்றால் கையில் ஒரு கிலோ இழுத்தால் அங்கே ஏறத்தாழ மூன்று கிலோ விழும். கம்பி நீள நீள இது கூடும். வாயில் இரும்பு இல்லை என்பதற்காக இதைச் சாதுவான சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. மோசமான கையில் இருக்கும் நீளக் கம்பி ஹேக்கமோரை விட, நல்ல கையில் இருக்கும் வழவழப்பான சாதாரண இரும்பு குதிரைக்கு எவ்வளவோ மேல், இதைச் சொன்னால் பிட்லெஸ், அதாவது இரும்பில்லாத கடிவாளப் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அப்புறம் ஏன் அமெரிக்காவில் அத்தனை பேர் போடுகிறார்கள்? அங்கே அதை மாட்டும் குதிரை பெரும்பாலும் டிரம் வரிசையை நடையில், ஓட்டத்தில், மெதுபாய்ச்சலில் என்று மாதக்கணக்கில் சுற்றித் தேர்ந்தது. திருப்புவதற்கு உடம்பும் காலும் போதும், வாரில் வேலை கொஞ்சம்தான். டிரம்முக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்துப் பின்னங்காலில் உட்காரும் இடத்தை மட்டும் ஞாபகப்படுத்தினால் போதும். அந்த ஒரு வேலையை ஹேக்கமோர் நன்றாகச் செய்யும். ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பு என்று சொல்ல அதற்கு வராது. ஒரு வாரை மட்டும் இழுத்தாலும் கம்பியும் சங்கிலியும் சேர்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துவிடும், குதிரைக்குத் திரும்பச் சொல்கிறார்களா நிற்கச் சொல்கிறார்களா என்று குழப்பம். உங்கள் குதிரை இப்போது கற்க வேண்டியதே திரும்புவதைத்தான்.

இன்னொரு விஷயத்தை வீடியோவில் யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் சேணத்தின் முன்பக்கம் கொம்பு மாதிரி ஒரு பிடி நிற்கும். டிரம்மைச் சுற்றும்போது ஒரு கை வாரில், இன்னொரு கை அந்தக் கொம்பில். உடம்பு தூக்கி எறியப்படும் அந்தத் திருப்பத்தில் அவர்கள் தொங்குவது கொம்பில், வாரில் இல்லை. நம் ஊரில் கிடைக்கும் சேணத்தில் கொம்பே கிடையாது. உங்கள் மகள் எதைப் பிடித்து நிதானிப்பாள்? வாரைத்தான் பிடிப்பாள், வேறு எதுவும் கையில் இல்லை. குதிரை மூக்கில் மூன்று மடங்காக அவள் எடை தொங்கும். சேணத்தின் முன் வளையத்தில் கெட்டியான தோல் வார் ஒன்றைக் கைப்பிடியாகக் கட்டிக் கொடுங்கள், அல்லது குதிரையின் கழுத்தடியில் ஒரு பட்டை போட்டு அதைப் பிடிக்கப் பழக்குங்கள். எந்தக் கடிவாளம் என்ற கேள்விக்கு இது சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் நூறு ரூபாய்க்கு முடியும் இந்தப் பட்டை, நீங்கள் வாங்கப்போகும் கடிவாளத்தை விட அதிக வேலை செய்யும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ராஸ்-அண்டரில் வார் தாடைக்கு அடியில் குறுக்காகப் போய்ப் பிடரி வழியாகத் தலையையே அணைக்கும். இடது வாரை இழுத்தால் வலது பக்கத்தில் தள்ளும், சாதுவான குதிரைக்கு நல்ல சாமான், நிதானமாகச் சவாரி போக அருமை. ஆனால் குறுக்கே போகும் வார் உரசி நகர வேண்டும், நம் டெல்டா வெக்கையில் வேர்வையில் ஊறிய வார் வளையத்தில் சிக்கிக்கொள்ளும், நீங்கள் விட்ட பிறகும் அது விடாது. விடுவதுதான் உங்களுக்கு முக்கியம் என்று மேலே சொன்னேன். அசல் விலை கொடுக்காமல் நைலானில் தைத்த நகல் வாங்கினால் இந்தக் குறை இன்னும் அதிகம். போசல் என்பது பச்சைத்தோலைப் பின்னிச் செய்த மூக்கு வளையம், மெக்சிகோ, கலிபோர்னியா மாட்டுக்காரர்களின் பழைய முறை. அதில் இழுக்கவே கூடாது, தொட்டுத் தொட்டு விட வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். மேலும் பச்சைத்தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? விட்டுவிடுங்கள்.

சைட்புல்லில் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. மூக்குப்பட்டையின் இரண்டு பக்கமும் வளையம், வளையத்தில் வார், அவ்வளவுதான். இடது வாரைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்தால் மூக்கு இடது பக்கம் வரும், கையைத் தளர்த்தினால் உடனே ஒன்றுமில்லாமல் போகும். நெம்புகோல் கிடையாது, கை போட்ட எடைதான் மூக்கில் விழும். குறை என்னவென்றால் மிரண்டு ஓடும் குதிரையைப் பலத்தால் நிறுத்த இதில் முடியாது. உண்மையில் முள் கடிவாளத்தாலும் முடியவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

வாங்கும்போது மூக்குப்பட்டை தட்டையாக, ஒரு அங்குல அகலத்துக்குக் குறையாமல், உள்பக்கம் மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். முடிச்சுப் போட்ட கயிறு, உள்ளே கம்பி வைத்த பட்டை, சைக்கிள் செயின் சுற்றியது இதெல்லாம் சைட்புல் என்ற பெயரிலேயே விற்கிறார்கள், முள்ளை வாயிலிருந்து மூக்குக்கு மாற்றியதுதான் மிச்சம். அடுத்து, தாடையைச் சுற்றி இரண்டாவது பட்டை ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு வாரை இழுக்கும்போது தலைப்பட்டை முழுவதும் திருகிக்கொண்டு எதிர்ப்பக்கக் கன்னப்பட்டை கண்ணில் போய் உரசும். பேரல் திருப்பத்தில் ஒரு பக்கமாக இழுப்பதே அதிகம் என்பதால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் வாங்கியதும் தரையில் நின்றபடி குதிரைக்கு மாட்டி, ஒரு வாரை மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்து மறுபக்கக் கண்ணைப் பாருங்கள், பட்டைக்கும் கண்ணுக்கும் இடைவெளி குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பட்டை எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, நாய் மாதிரி வாயைத் திறந்து இரைக்கவும் தெரியாது. பாய்ந்து ஓடும்போது அதற்குத் தேவையான காற்று முழுவதும் அந்த இரண்டு நாசி வழியாகத்தான். மூக்கெலும்பு கீழே வர வர மெலிந்து, கடைசியில் அடியில் தாங்கலே இல்லாத ஒரு மெல்லிய நுனியாக முடியும். பட்டை அங்கே இறங்கினால் காற்றும் அடைபடும், அழுத்தம் அதிகமானால் அந்த எலும்பே உடையவும் கூடும். விரலால் மூக்கின் மேல் தடவிக்கொண்டே கீழே வாருங்கள், கெட்டியான எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம் தெரியும். பட்டை அதற்கு நான்கு விரல் மேலேயாவது இருக்க வேண்டும். மேலேயும் எல்லை உண்டு. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் நீளவாக்கில் ஒரு எலும்பு மேடு ஓடும், அதன் நுனியை ஒட்டிக் கொஞ்சம் மேலே ஒரு துளை வழியாக முகத்து நரம்பு ஒன்று வெளியே வருகிறது, பட்டை அந்த மேட்டில் உரசாமல் இரண்டு விரல் கீழே நிற்கட்டும். மார்வாரிக்கு முகம் நீளம், ஒடுக்கமும் கூட, அதனால் இந்த இரண்டுக்கும் நடுவே இடம் தாராளமாகவே கிடைக்கும், ஆனால் அரபு, தரோபிரெட் இனக் குதிரைகளின் அளவில் தைத்து விற்கும் பட்டை அதற்குத் தொளதொளவென்று இருந்து ஓட ஓடக் கீழே இறங்கும். அந்தக் காரணத்துக்காகத்தான் ஆன்லைனில் வாங்குவதை விட உள்ளூரில் தைப்பது மேல் என்கிறேன்.

வண்டிக் குதிரைக்குத் தோல் சாமான் தைப்பவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார். ஒரு துணி டேப் எடுத்து, நான் சொன்ன இடத்தில் மூக்கைச் சுற்றி ஒரு அளவு, அதே இடத்தில் இடது பக்கத்திலிருந்து காதுக்குப் பின்னால் போய் வலது பக்கம் வரை ஒரு அளவு, நெற்றிக்குக் குறுக்கே ஒரு காதடியிலிருந்து மறு காதடி வரை, அகன்ற தாடையைச் சுற்றி ஒன்று, இவ்வளவு போதும். நெற்றிப்பட்டையை இறுக்கமாகத் தைத்துவிடப் போகிறார்கள், மார்வாரியின் காது உள்பக்கம் வளைந்து நுனி நுனியைத் தொடும் காது, பட்டை சின்னதானால் காதடியில் அறுக்கும், ஒரு விரல் கூடவே விடச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டியபின் மூக்கெலும்பின் மேல் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும், பக்கத்தில் விட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள், அங்கே சதை இருப்பதால் எப்போதும் நுழையும்.

நம் ஊர் ஈரத்துக்குத் தோலா நைலானா என்று ஒரு கேள்வி வரும். தோல்தான் என் கட்சி. நைலான் வேர்வை உப்போடு சேர்ந்து அறுக்கும், எங்காவது சிக்கினால் அறுந்தும் தொலையாது. ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஆட்டுரோம உறை போட்டால் மெத்தென்று இருக்கும் என்று விற்பார்கள், வேர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், புண் வரும். பருத்தித் துணி சுற்றித் தினமும் மாற்றினால் அதைவிட நல்லது.

சாமான் ஆயிற்று. இனி குதிரைக்கு நிற்பது என்றால் என்னவென்று புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், வாய்ப் புண் ஆறும் வரை இதைத் தரையில் நின்றே செய்யலாம். கூட்டிக்கொண்டு நடக்கும்போது முதலில் நீங்கள் நில்லுங்கள், அடுத்து ஹோ என்றோ உங்களுக்கு வாய்க்கு வந்த எந்தச் சொல்லோ, எப்போதும் ஒரே சொல், அதற்கும் நிற்காவிட்டால்தான் மூக்கில் லேசாக அழுத்தம். நின்ற நொடியில் கயிறு தொங்கிவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது. உடம்பு, சொல், அதற்குப் பிறகுதான் கை. குதிரை கைக்கு வேலை வரும் முன்பே சொல்லுக்கு நிற்க ஆரம்பித்துவிட்டால் மேலே ஏறலாம், ஏறிய பிறகும் அதே வரிசை. மகள் மூச்சை விட்டு இடுப்பைக் கனமாக்கி உட்கார்ந்து, சொல்லைச் சொல்லி, அப்புறம்தான் ஒரு வாரை, ஒரே ஒரு வாரை, லேசாக. இரண்டு வாரையும் சேர்த்து இழுப்பதை இந்தக் குதிரையிடம் மறந்துவிடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து இறுகினால் அதற்குப் பந்தய ரோடு ஞாபகம் வந்துவிடும். ஒரு பக்கம் வளைத்தால் அந்த நேர்கோட்டு ஓட்டமே உடைகிறது.

இதையெல்லாம் திறந்த வயலில் பழகாதீர்கள், நாலு பக்கமும் வேலியோ சுவரோ உள்ள இடத்தில், 60 அடி குறுக்களவு இருந்தால் போதும். குதிரை கைமீறினால் தலையை வெடுக்கென்று முழங்கால் பக்கம் இழுக்க வேண்டாம், வேகத்தில் அப்படிச் செய்தால் கால் பின்னிக் குதிரையும் பிள்ளையும் சேர்ந்து விழும். பெரிய வட்டமாகத் திருப்பி வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கினால் தானாகவே வேகம் இறங்கும். வண்டியில் ஓடியபோது கண்மறைப்பு போட்டிருந்தார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். போட்டிருந்தால் பக்கவாட்டில் திடீரென்று நீல டிரம் ஒன்று கடந்துபோவதே அதற்குப் பயமாக இருக்கும், டிரம் பக்கத்தில் மட்டும் வேகமெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தீவனத்தை டிரம் மேல் வைத்துத் தின்ன விடுங்கள், பயம் போய்விடும்.

டிரம் வரிசைக்கு அளவு உண்டு, கண்மதிப்பில் வைக்காதீர்கள். புறப்படும் கோட்டிலிருந்து முதல் இரண்டு டிரம்மும் 60 அடி தள்ளி, அந்த இரண்டுக்கும் நடுவே 90 அடி, இரண்டிலிருந்தும் மூன்றாவது 105 அடி. ஓட்டமும் திரும்பும் இடமும் சேர்த்தால் ரெண்டு மா நிலம் (ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு) கிட்டத்தட்ட வேண்டும். இடம் இல்லை என்று நெருக்கி வைத்தால் குதிரைக்கு வேகத்தைக் குறைக்க இடமே கிடைக்காது, அப்புறம் வார்மேல் பழி வரும். வலது பக்க டிரம்மில் தொடங்கினால் ஒரு திருப்பம் வலது, இரண்டு திருப்பம் இடது. இடதில் தொடங்கினால் தலைகீழ். இந்தக் குதிரை எந்தப் பக்கம் லகுவாக வளைகிறது என்று நடையிலேயே பார்த்து, அந்தப் பக்கம் இரண்டு வருகிற மாதிரி தொடங்குங்கள். டிரம்மை நெருங்கும்போது நாலைந்து அடி தள்ளி உள்ளே போய், சுற்றி வெளியே வரும்போது ஒட்டி வர வேண்டும், புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இதை மாற்றித்தான் செய்கிறார்கள். போட்டியில் டிரம் சாய்ந்தால் 5 வினாடி கூடிவிடும், உங்கள் வயலில் அது இல்லை, முழங்கால்தான் போகும், டிரம் விளிம்பில் பழைய டியூபை அறுத்துச் சுற்றிவிடுங்கள், உள்ளே மண் போட்டுக் கனமாக்காதீர்கள்.

நடையில் மூன்றையும் சுற்றித் தொங்கும் வாரோடு வர முடிகிற வரை ஓட்டம் வேண்டாம், ஓட்டத்தில் வராமல் பாய்ச்சல் வேண்டாம். சலிப்பாகத்தான் இருக்கும், பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள், உண்மைக் கதை. 1985-ல் அமெரிக்காவில் நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோ என்ற மாட்டுக்காரர் விளையாட்டுப் போட்டியில் சார்மெயின் ஜேம்ஸ் என்ற பெண் ஸ்கேம்பர் என்ற குதிரையில் ஓடிக்கொண்டிருந்தபோது கடிவாளமே கழன்றுவிட்டது. அப்படியும் அந்தக் குதிரை ஓட்டத்தை முடித்து அன்றைய சுற்றில் முதலாவதாக வந்தது. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து வருஷம் உலகச் சாம்பியன் அந்த ஜோடி. அந்தக் குதிரை தலையில் என்ன மாட்டியிருந்தது என்று தேடி அதையே வாங்கத் தோன்றும் பலருக்கு. அந்த ஓட்டத்தில் அதன் தலையில் வேலை செய்யும் கடிவாளமே இல்லை என்பதை மகளிடம் ஞாபகப்படுத்துங்கள்.

தரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மாசி. சம்பா அறுத்த களிமண் வயல் இப்போது மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும், திருப்பத்தில் வழுக்கும். பங்குனி சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும், அதில் பாய்ச்சலில் கால் மாட்டினால் தசைநார் போச்சு. வழுக்கும் தரையில் குதிரை தலையைத் தூக்கித்தான் நிதானிக்கும், அதைக் கடிவாளக் கோளாறு என்று நீங்கள் நினைப்பீர்கள். மெஷின் அறுத்த தாளும் காலைக் குத்தும். மேட்டுத் திடல் ஏதாவது இருந்தால் அங்கே டிரம்மை மாற்றி, டிரம்மைச் சுற்றிய இடத்தை மட்டுமாவது ரோட்டவேட்டர் விட்டுப் பரம்படித்து, மூன்று நாலு அங்குலம் பொலபொலவென்று வைத்துக்கொள்ளுங்கள், லேசாகத் தண்ணீர் தெளித்து. கொள்ளிடத்து மணல் கொட்டலாமா என்று அடுத்த கேள்வி கேட்காதீர்கள், அது வேறு வம்பு. ஹெல்மெட் பைக் ஹெல்மெட் வேண்டாம், குதிரைச் சவாரிக்கென்றே இருப்பது.

இவ்வளவும் ஆகி, பாய்ச்சலில் வாரை இழுக்காமல் சொல்லுக்கே குதிரை வேகத்தைக் குறைக்க ஆரம்பித்து, மகளும் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடிக்கிறாள், வாரில் தொங்குவதில்லை என்று ஆன பிறகும் மூன்றாவது டிரம்முக்கு முன்னால் மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படுகிறது என்று தோன்றினால், அப்போது கம்பி 4 அங்குலத்துக்கு மிகாத சின்ன ஹேக்கமோர் ஒன்றைப் பற்றிப் பேசலாம். அதிலும் தாடையில் சங்கிலிக்குப் பதில் தட்டையான தோல் பட்டை போடுங்கள், அதற்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் படுக்கையாக நுழையட்டும், வாரை இழுத்தால் கம்பி 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்த பிறகுதான் பட்டை பிடிக்க வேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் ஒரு துளை தளர்த்துங்கள்.